வயிற்றுக்குள் தைத்த பை

பெருங்குடலை எடுத்தாக வேண்டும் என்று மருத்துவர் சொல்லி முடிப்பதற்குள் வீட்டாரிடமிருந்து ஒரு கேள்வி வந்துவிடும். "அப்படின்னா காலம் முழுக்கப் பையா, டாக்டர்?" புற்றுநோய் வருமா, எத்தனை நாள் மருத்துவமனையில் இருக்க வேண்டும், செலவு எவ்வளவு ஆகும் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். திருமணமாகாத பிள்ளை என்றால் கேள்வியைக் கேட்பவர் பெரும்பாலும் அம்மா.

அந்தப் பை வயிற்றின் மேல் ஒட்டப்படுவது. பெருங்குடலை முழுமையாக எடுத்தபின் சிறுகுடலின் முனையை வயிற்றுச் சுவர் வழியாக வெளியே கொண்டுவந்து தோலோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள். அதைக் குடல்வாய் என்று சொல்லலாம். மருத்துவமனைகளில் 'ஸ்டோமா' என்பார்கள். அங்கே சுருக்குத் தசை கிடையாது. ஆகவே அடக்கவும் முடியாது, நேரம் பார்த்து விடவும் முடியாது. வந்தது வந்தபடி பையில் இறங்கும்.

அந்தப் பையை வயிற்றுக்கு வெளியே மாட்டுவதற்குப் பதிலாக உள்ளேயே செய்துவிட்டால் என்ன என்று சுவீடனில் ஓர் அறுவைச் சிகிச்சை நிபுணர் யோசித்தார். செய்தும் காட்டினார். அது நடந்து அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆகிறது. அந்த உள்பையோடு இருபது, முப்பது ஆண்டுகள் வாழ்ந்தவர்களைப் பற்றிய கணக்குகள் வெளிவந்திருக்கின்றன. அவற்றைப் படித்தால் ஒரு விசித்திரம் தெரிகிறது. இது அடிக்கடி பழுதாகும் சிகிச்சை. மறுபடி மறுபடி கத்தி வைக்கவேண்டி வரும் சிகிச்சை. ஆனாலும் அதைச் செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் அதை விட்டுக்கொடுக்க மறுக்கிறார்கள்.

ஏன் மறுக்கிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை. குடலை எடுக்கும் முடிவு எந்த வீட்டுக்கும் வரலாம். அன்றைக்கு மருத்துவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்திருப்பது நல்லது.

மூலம் என்று நினைத்தது

பெருங்குடலை முழுதாக எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகும் நோய்களில் முக்கியமானது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெருங்குடலின் உட்சுவர் அழற்சி கண்டு புண்ணாகிப்போகும். மலத்தோடு இரத்தமும் சளியும் வரும். ஒரு நாளில் பத்து முறைக்கு மேல் ஓடவேண்டி இருக்கும். ஓடினாலும் சில சமயம் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. பெரும்பாலும் பதின்ம வயதின் கடைசியிலிருந்து முப்பதுகளுக்குள் தலைகாட்டும் நோய் இது. படிப்பு, முதல் வேலை, பெண் பார்ப்பது, மாப்பிள்ளை பார்ப்பது எல்லாம் நடக்கிற வயது.

இந்தியர்களிடம் இது குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கில் 2011 முதல் 2013 வரை புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட குடல் அழற்சி நோயாளிகளைக் கணக்கெடுத்தபோது, மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்ற மூன்று இனங்களில் இந்தியர்களிடம்தான் விகிதம் மிக அதிகமாக இருந்தது. சிங்கப்பூரில் இன்னும் முன்னதாகச் செய்த ஆய்விலும் இந்தியர்களின் விகிதமே உயர்ந்திருந்தது. மொத்தத்தில் இது அரிய நோய்தான். ஆனால் அந்த அரிய சிலரில் நம்மவர் பங்கு கூடுதல்.

நம்மவரிடம் இன்னொரு தொல்லையும் உண்டு. இரத்தம் வந்தால் மூலம் என்று முடிவுகட்டிவிடுவோம். 'உடம்புச் சூடு' என்று இளநீரும் வெந்தயமும் கொடுப்போம். நான் வானொலியில் உடல்நல நிகழ்ச்சி செய்கிறேன். காலை உணவு நேரத்தில் 'மலம்' என்று சொன்னால் நேயர் முகம் சுளிப்பாரோ என்று 'மோஷன்' என்று சொல்லிச் சமாளிக்கும் பழக்கம் எங்களிடமும் இருக்கிறது. சொல்லுக்கே இவ்வளவு கூச்சம் என்றால், இருபது வயதுப் பையன் தன் அப்பாவிடம் போய் எதைச் சொல்வான்?

பெரும்பாலான நோயாளிகளுக்கு மருந்தே போதும். மெசலாசின், ஸ்டீராய்டு, இப்போது ஊசியாகப் போடும் உயிரியல் மருந்துகள் என்று வரிசையாக இருக்கின்றன. மருந்து எதற்கும் கட்டுப்படாதபோது, திடீரென்று குடல் ஊதிப்போய் வெடிக்கும் அபாயம் வரும்போது, அல்லது நெடுநாள் அழற்சியால் புற்றுநோயின் முதல் அறிகுறிகள் தெரியும்போது அறுவைச் சிகிச்சை பேச்சு எழும். பெருங்குடலையும் மலக்குடலையும் எடுத்துவிட்டால் இந்த நோயின் குடல் தொல்லை அத்தோடு தீர்ந்தது. 'குரோன்ஸ்' என்ற உடன்பிறவாச் சகோதர நோய் அப்படியல்ல. அது வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரக்கூடியது. இந்த வேறுபாடு பின்னால் முக்கியமாகும்.

ஒரு மருத்துவர், ஒரு தாதி

உள்பைக்குப் போகுமுன் வெளிப்பைக்கு உரிய மரியாதையைச் செலுத்திவிட வேண்டும்.

1950களுக்கு முன் குடல்வாய் என்பது பெரும் அவதி. சிறுகுடலிலிருந்து வருவது நீர்த்த மலம் மட்டுமல்ல. அதில் உணவைச் செரிக்கும் நொதிகளும் இருக்கும். அவை தோலையும் செரிக்கப் பார்க்கும். தோலோடு சமமாகக் குடலைத் தைத்தார்கள். சுற்றிலும் தோல் வெந்து புண்ணானது. குடலின் முனை வீங்கி அடைத்துக்கொள்வதும் உண்டு. 1952இல் பர்மிங்ஹாமில் பிரயன் புரூக் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர், வெளியே நீட்டிய குடலின் முனையைச் சட்டைக் கையை மடித்துவிடுவதுபோல வெளிப்பக்கமாக மடித்துத் தைத்தார். சிறு மூக்குப்போல அது நீட்டிக்கொண்டு நின்றது. கழிவு தோலில் படாமல் நேரே பையில் விழுந்தது. இன்றைக்கும் அதையேதான் செய்கிறார்கள்.

பை? அதைத் தந்தவர் ஒரு தாதி. டென்மார்க்கைச் சேர்ந்த எலிசே சோரன்சன். குடல்வாய் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட தம் தங்கை வெளியே போகப் பயந்து வீட்டிலேயே அடைந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு, தோலில் ஒட்டிக்கொள்ளும், ஒருமுறை பயன்படுத்தி எறியக்கூடிய பிளாஸ்டிக் பையை 1954இல் வடிவமைத்தார். இன்று உலகம் முழுவதும் விற்கும் பைகளுக்கு மூதாதை அதுதான்.

ஆக, வெளிப்பை நல்ல கண்டுபிடிப்பு. அதை மாட்டிக்கொண்டு நீச்சலடிக்கிறார்கள், காற்பந்து ஆடுகிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். பையோடு கோயிலுக்குப் போகலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: எல்லார் வயிற்றிலும் இருப்பதுதான் அதிலும் இருக்கிறது.

ஆனாலும் எல்லாருக்கும் ஒத்துப்போவதில்லை. நம் ஊர் வெக்கையில் வியர்த்து ஒட்டுப் பிடி விடும். சிலருக்குப் பசை ஒவ்வாமல் தோல் சிவந்து உரியும். சிலருக்கு நடு இரவில் ஒருமுறை கசிந்ததே போதும்; அதற்குப் பிறகு எந்தப் படுக்கையிலும் நிம்மதியாகத் தூங்க மாட்டார்கள். இவர்களை மனத்தில் வைத்துத்தான் அடுத்த முயற்சி தொடங்கியது.

கொக் செய்தது

நில்ஸ் கொக், சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் பணியாற்றியவர். (நம் காதுக்குக் கொக்கு மாதிரி ஒலிக்கும்; மறக்காமல் இருக்க அதுவும் உதவட்டும்.) குடலின் உள்ளே அழுத்தம் எப்படி ஏறி இறங்குகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி.

குடல் ஒரு குழாய். உணவைத் தள்ளுவதற்காக அதன் சுவர் வளையம் வளையமாகச் சுருங்கும். அப்படியே ஒரு துண்டை எடுத்துச் சேமிப்புப் பையாக்கினால், சுருங்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே அழுத்தம் எகிறும்; எந்த அடைப்பையும் தள்ளிக்கொண்டு வெளியேறப் பார்க்கும். கொக் என்ன செய்தார் என்றால், குழாயை நீளவாக்கில் கீறித் திறந்து பாய்போல விரித்தார். பிறகு அதை மடித்து ஓரங்களைத் தைத்துப் பையாக்கினார். இப்போது தசைகள் ஒரே திசையில் சேர்ந்து பிழிவதில்லை. ஒரு பக்கம் இழுக்க இன்னொரு பக்கம் தளர்கிறது. உள்ளே அழுத்தம் தாழ்ந்தே இருக்கிறது. பை மெல்ல மெல்ல விரிந்து கொள்ளளவைக் கூட்டிக்கொள்கிறது.

1967 முதல் இதை நோயாளிகளுக்குச் செய்யத் தொடங்கினார். 1969இல் அதைப் பற்றிய கட்டுரை வெளியானது. சிறுகுடலின் கடைசி 45 சென்டிமீட்டர் அளவு இதற்குச் செலவாகும். அதில் பெரும்பகுதி பைக்கு; மீதி வெளியேறும் வழிக்கு. தொடக்கத்தில் அந்த வழியை வயிற்றுத் தசையின் ஊடே கொண்டுபோனால் தசையே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்று எதிர்பார்த்தார். பலருக்குக் கசிந்தது. 1970களின் தொடக்கத்தில்தான் அந்த அறுவைச் சிகிச்சைக்கே உயிரான பாகம் சேர்ந்தது: வால்வு. வெளியேறும் குடலை, காலுறையின் முனையை உள்ளே தள்ளுவதுபோலப் பைக்குள் மடித்துத் தள்ளித் தைத்துவிட்டார். பை நிரம்ப நிரம்ப, உள்ளிருக்கும் அழுத்தமே அந்த மடிப்பை நாலா பக்கமும் அழுத்தி மூடிவிடும். கூடுதலாக நிரம்பினால் கூடுதலாக இறுகும். மிக எளிமையான யோசனை. இதற்கு 'அடக்கும் குடல்வாய்' என்று பெயர் வைக்கலாம். நோயாளிகளும் மருத்துவர்களும் 'கொக் பை' என்றே சொல்கிறார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் அடிவயிற்றில், உள்ளாடைக்குள் மறையும் இடத்தில், தோலோடு சமமாக ஒரு சின்னத் துளை. அதன்மேல் ஒரு துணித் திண்டு. அவ்வளவே. பை இல்லை, பசை இல்லை.

அறுவைச் சிகிச்சை முடிந்து ஏறத்தாழ மூன்று, நான்கு வாரங்களுக்குக் குழாய் உள்ளேயே இருக்கும். தையல் ஆறும்வரை பை நிரம்பக்கூடாது. பிறகு குழாயை எடுத்துவிட்டு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை என்று இடைவெளியைக் கூட்டுவார்கள். முதலில் 100 மில்லிலிட்டர்கூடப் பிடிக்காத பை, சில மாதங்களில் சிறிய குடிநீர்ப் புட்டி அளவான 500 மில்லிலிட்டரைத் தாண்டிவிடும். அப்போது ஒரு நாளில் மூன்று, நான்கு முறை காலி செய்தால் போதும். கழிவறையில் அமர்ந்து, ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் பருமனுள்ள மென்மையான குழாயைத் துளைக்குள் செலுத்துவார்கள். வால்வைத் தொடும்போது சிறு தடை தெரியும். மெல்ல அழுத்தினால் உள்ளே வழுக்கிச் செல்லும். கழிவு குழாய்வழியே இறங்கும். கெட்டியாக இருந்தால் குழாய்வழி கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கரைப்பார்கள். குழாயைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குத் திரும்பலாம்.

சாப்பாட்டில் பெரிய தடை இல்லை, மென்று தின்றால். காளான், சோளம், கச்சான், தேங்காய்த் துண்டு, தவுகே, அன்னாசிச் சக்கை இவைதான் குழாயை அடைப்பவை. நம் வீட்டில் "மென்னு தின்னு" என்று பாட்டி சொல்வது இவர்களுக்கு மருத்துவ ஆலோசனை.

வழுக்கும் வால்வு

இவ்வளவு நல்லதாக இருந்தால் ஏன் எல்லா மருத்துவமனையிலும் இதைச் செய்வதில்லை?

வால்வு வழுக்கும். அதுதான் இந்தச் சிகிச்சையின் வரலாறு முழுவதும் தொடரும் பிரச்சினை. மடித்து உள்ளே தள்ளிய குடல் எப்போதும் தன் பழைய நிலைக்கு நீளப் பார்க்கும். குடலுக்கு இரத்தம் கொண்டுவரும் கொழுப்பு மடிப்பும் கூடவே உள்ளே மடிந்திருக்கிறது. தடித்த அந்தப் பக்கம்தான் பெரும்பாலும் முதலில் நழுவும். நழுவினால் இரண்டு விளைவு. கசியத் தொடங்கும். வழி கோணிக்கொள்வதால் குழாயும் உள்ளே போகாது. உள்ளிருப்பது வெளியே வர வழியில்லாமல், வெளியே வரக்கூடாதது கசிந்துகொண்டிருக்கும் நிலை.

அதை நிறுத்த என்னென்னவோ செய்து பார்த்தார்கள். வால்வின் அடியில் பிளாஸ்டிக் வலையைச் சுற்றினார்கள். வலை குடலை அரித்துப் புதிய துளை போட்டது. கம்பித் தையல் கருவிகள் வந்தபின் வால்வைப் பையின் சுவரோடு சேர்த்துப் பிணைத்தார்கள். நிலைமை முன்னேறியது, தீரவில்லை. அமெரிக்காவில் வில்லியம் பார்னெட் என்பவர் குடலின் ஒரு துண்டையே கழுத்துப்பட்டைபோல வால்வைச் சுற்றிக் கட்டும் முறையைக் கொண்டுவந்தார். அவர் பெயரிலேயே ஒரு வகை உள்பை உண்டு.

வால்வு மட்டுமல்ல. பைக்குள் அழற்சி வரும். அதற்குப் பெயர் வைத்ததே கொக்தான், 'பவுச்சைட்டிஸ்' என்று. காய்ச்சல், வயிற்று வலி, நீராகப் பெருகும் கழிவு. மெட்ரோனிடசோல் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிக்குப் பெரும்பாலும் அடங்கும், மறுபடி வரும். துளை தோல் மட்டத்தில் சுருங்கிப்போவதும், பைக்கும் தோலுக்கும் இடையே புரையோடுவதும் உண்டு.

கணக்கும் மனக்கணக்கும்

அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக் 2006இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. 1974 முதல் 2001 வரை அங்கே உள்பை வைத்துக்கொண்ட 330 பேரின் கதை அது. பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் பை நிலைத்திருந்தவர்கள் 87 விழுக்காடு. இருபது ஆண்டுகளில் 77 விழுக்காடு. கேட்க நன்றாக இருக்கிறது. அதே ஆய்வின் இன்னொரு எண்: நோயாளிகளுக்குச் சராசரியாக ஏறத்தாழ 3 மறு அறுவைச் சிகிச்சைகள்.

இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் உண்மை புரியும். 77 விழுக்காடு என்பது 'பிரச்சினையே இல்லாமல் 77' அல்ல. 'பழுது பார்த்துப் பழுது பார்த்து 77'. எந்தக் குடும்பமும் முதல் எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடக்கூடாது. சராசரியும் ஏமாற்றும், சிலருக்கு ஒரு பழுதுபார்ப்போடு முடிந்துவிடும், சிலருக்கு எண்ணிக்கை நீண்டுகொண்டே போகும். பெரும்பாலான தொல்லை முதல் ஓரிரண்டு ஆண்டுகளில் தலைகாட்டுகிறது. அதைத் தாண்டினால் பல ஆண்டுகள் அமைதியாக ஓடும். உடல் எடை கூடியவர்களுக்கும், புரையோடியவர்களுக்கும், பிறகு குரோன்ஸ் என்று தெரியவந்தவர்களுக்கும் பை தோற்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. அதனால்தான் குரோன்ஸ் இருந்தால் பெரும்பாலும் இதைச் செய்ய மாட்டார்கள்.

கோத்தன்பர்க்கிலிருந்து 2004இல் வந்த ஆய்வு இன்னும் ஆழமானது. கொக்கின் குழுவினர் 1960களின் கடைசியிலும் 70களின் தொடக்கத்திலும் அறுத்தவர்களையே மறுபடி தேடிப் பிடித்துக் கேட்டார்கள். பதில் சொன்ன 68 பேரும் சராசரியாக 31 ஆண்டுகள் அந்தப் பையோடு வாழ்ந்தவர்கள். முழுமை பெறாத, ஆரம்பகாலப் பைகள் அவை. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு மறு அறுவை தேவைப்பட்டிருந்தது. இருந்தும் அவர்கள் தங்கள் உடல்நலத்துக்கும் வாழ்க்கைக்கும் தந்த மதிப்பெண், சாதாரண மக்கள் தந்துகொள்ளும் மதிப்பெண்ணுக்கு ஏறத்தாழ இணையாகவே இருந்தது.

மூன்று முறை வயிற்றைக் கிழித்த பிறகும் எப்படித் திருப்தி வரும்? எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். மருத்துவமனை எண்ணுவது மேசைக்கு எத்தனை முறை திரும்பி வந்தார் என்பதை. அவர் எண்ணுவது நடுவில் கழிந்த நாள்களை. முப்பது ஆண்டு என்பது பத்தாயிரம் நாளுக்கு மேல். மூன்று அறுவைக்கும் தேறுவதற்கும் ஆறு மாதம் போனது என்று வைத்துக்கொண்டாலும், மீதி நாள்களில் எப்போது காலி செய்வது என்பதை அவரே முடிவு செய்தார். மூன்று மணி நேரக் கூட்டத்தில் உட்கார்ந்தார். சேலை கட்டினார், வேட்டி கட்டினார். துணைவரின் பக்கத்தில் படுத்தார்.

ஒரு சந்தேகத்தையும் சொல்லிவிட வேண்டும். பை நிலைத்தவர்களின் குரல்தான் இத்தகைய ஆய்வுகளில் உரக்கக் கேட்கும். மேலும், வெளிப்பையே வேண்டாம் என்று இவ்வளவு சிரமப்பட்டு உள்பையைத் தேடிப் போனவர்கள், கிடைத்ததைப் பாராட்டத்தான் செய்வார்கள். கிளீவ்லண்ட் ஆய்வில் பை தோற்று மீண்டும் வெளிப்பைக்குத் திரும்பியவர்கள், பை நிலைத்தவர்களைவிட வேலையிலும் வெளிப்பழக்கத்திலும் இல்லறத்திலும் இரண்டு மடங்குக்கு மேல் கட்டுப்பாடுகளை உணர்ந்தார்கள். இதை வைத்து வெளிப்பை மோசம் என்று சொல்லிவிட முடியாது. பல அறுவைகளைத் தாங்கி, கடைசியில் கைவிட்டுத் திரும்பியவர்கள் அவர்கள். முதலிலிருந்தே வெளிப்பையோடு வாழப் பழகியவரின் கதை வேறு.

தோல்விக்கு ஒரு விலையும் உண்டு. பையை எடுத்துவிட்டால் அதற்குச் செலவான அந்த 45 சென்டிமீட்டர் சிறுகுடலும் போய்விடும். வைட்டமின் பி12 உறிஞ்சப்படும் இடமே சிறுகுடலின் கடைசிப் பகுதிதான். பை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கொருமுறை இரத்தத்தில் பி12 அளவைப் பார்ப்பது நல்லது. பெருங்குடல் இல்லாதவர்களுக்கு நீரும் உப்பும் வேகமாக வெளியேறும் என்பதால், நம் வெயிலில் வெறும் தண்ணீர் மட்டும் குடித்தால் போதாது. உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் கைவசம் இருக்க வேண்டும்.

போட்டிக்கு வந்த இன்னொரு பை

கொக் பையைப் பின்னுக்குத் தள்ளியது வால்வின் பழுது மட்டுமல்ல. 1978இல் லண்டனின் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் ஆலன் பார்க்ஸும் ஜான் நிக்கல்ஸும், சிறுகுடலில் பை செய்து அதை நேராக ஆசனவாயோடு இணைத்துக் காட்டினார்கள். இயற்கையான சுருக்குத் தசை அங்கேயே இருக்கிறது. செயற்கை வால்வு எதற்கு? 1980இல் ஜப்பானின் உட்சுனோமியா அந்தப் பையை எளிய 'ஜே' வடிவத்துக்குக் கொண்டுவந்தார். இன்று பெருங்குடலை எடுத்தவருக்குப் பை வேண்டாம் என்றால் முதலில் சொல்லப்படுவது இந்த ஜே பைதான். வழக்கமான வழியிலேயே போகலாம். நாளுக்கு ஆறு முறை அளவு போகவேண்டி வரும். சிலருக்கு இரவில் கசியும். பவுச்சைட்டிஸ் இங்கும் வரும். ஆனாலும் பெரும்பாலோருக்கு நிலைத்துவிடுகிறது.

ஆக, இன்று கொக் பை யாருக்கு? சுருக்குத் தசை பழுதானவருக்கு. மலக்குடலும் ஆசனவாயும் ஏற்கெனவே எடுக்கப்பட்டு வெளிப்பையோடு இருந்து, அதனோடு ஒத்துப்போகவே முடியாதவருக்கு. ஜே பை தோற்றுப்போனவருக்கு. சில சமயம் அதே பையை இடம் மாற்றிக் கொக் பையாக்க முடியும், குடலை இழக்கவேண்டியதில்லை. சிறிய கூட்டம்தான். அதைச் செய்யக்கூடிய நிபுணர்களின் கூட்டம் இன்னும் சிறியது. சுவீடனிலும் அமெரிக்காவிலும் சில மையங்கள் தொடர்ந்து செய்கின்றன.

கொக்கின் யோசனை வேறு இடத்தில் பரவலாகப் பிழைத்துக்கொண்டது. சிறுநீர்ப்பையை எடுக்க நேர்ந்தவர்களுக்குக் குடலைக் கீறித் திறந்து மடித்துப் புதிய சிறுநீர்ப்பை செய்கிறார்களே, அந்தத் தாழ்ந்த அழுத்தத் தத்துவம் அவருடையதே. 1980களில் அவரே அதற்கு வழிகாட்டினார்.

ஓர் இளைஞருக்கோ இளம்பெண்ணுக்கோ இந்த முடிவு வந்தால், என் கருத்து இது: முதலில் வெளிப்பையோடு சில மாதங்களாவது வாழ்ந்து பார்ப்பது நல்லது. அவசர அறுவை என்றால் எப்படியும் அதில்தான் தொடங்கும். அதிலேயே பழகிப்போய், வேறு எதுவும் வேண்டாம் என்று சொல்பவர் பலர். ஸ்டோமா தாதியிடம் உட்கார்ந்து பையின் வகையை மாற்றிப் பார்த்தாலே பாதித் தொல்லை தீர்ந்துவிடுவதும் உண்டு. அதற்குப் பிறகும் உள்பை வேண்டும் என்றால், நிபுணரிடம் "எத்தனை விழுக்காடு வெற்றி" என்று கேட்பதைவிட, "நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், அவர்களில் எத்தனை பேர் மறுபடி மேசைக்கு வந்தார்கள், வால்வு வழுக்கினால் அதைச் சரிசெய்யப் போவது யார்" என்று கேளுங்கள். வெளிநாட்டில் செய்துகொண்டு வருவதாக இருந்தால் கடைசிக் கேள்விதான் முதல் கேள்வி. பிள்ளை பெறுவதைப் பற்றிக் கூசாமல் கேட்கலாம். உள்பையோடு கருவுற்று இயல்பாகப் பெற்றெடுத்த பெண்கள் இருக்கிறார்கள். கர்ப்ப காலத்தில் வயிறு பெரிதாகும்போது குழாய் செலுத்துவது சிரமமாகலாம், அதற்கு முன்கூட்டியே திட்டம் வேண்டும்.

குழாய் உள்ளே போகாமல் சில மணி நேரம் ஆகிவிட்டால் வீட்டில் காத்திருக்கக்கூடாது. அது குடல் அடைப்புக்குச் சமம். மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இருக்கும் இளம் மருத்துவர் கொக் பையைப் படித்திருக்கலாம், பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. வயிற்றில் பை இல்லை, சின்னத் துளைதான் இருக்கிறது. அவருக்கு அது ஆறிப்போன பழைய புண்ணாகத் தோன்றலாம். அதனால் இந்தப் பை உள்ளவர்கள் தங்கள் அறுவையை விளக்கும் அட்டையையும் ஒரு கூடுதல் குழாயையும் எங்கே போனாலும் எடுத்துச் செல்கிறார்கள். வீட்டில் உள்ள ஒருவருக்காவது குழாய் செலுத்தத் தெரிந்திருக்க வேண்டும்.

கோத்தன்பர்க்கில் அந்த முதல் வரிசையில் இருந்தவர்கள் இப்போது முதியவர்கள். 1970இல் 25 வயதில் அறுவை செய்துகொண்டவர் 80ஐ எட்டியிருப்பார். முட்டியும் விரலும் விறைத்த கையால் குழாயைப் பிடிப்பது கடினம். அடிவயிற்றுத் துளை கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. மறதி வந்துவிட்டால் கடைசியாக எப்போது காலி செய்தோம் என்பதும் நினைவிருக்காது. ஒரு நாளில் நான்கு முறை அதைச் செய்துவிட ஓர் ஆள் வேண்டும். முதியோர் இல்லத்துத் தாதிக்கு அதை உட்கார்ந்து கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. முப்பது, நாற்பது ஆண்டுகளாகத் தன் கையாலேயே செய்துவந்த நோயாளிதான் பெரும்பாலும் அந்தப் பாடத்தின் ஆசிரியர்.